எந்த மாதத்துப் புல்?

எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சோதித்துப் பார்த்த ஒரு கட்டுரை, அது கிருமிகளைக் கொல்லும் என்கிறது. சரி, எந்த மாதம் அறுத்த புல் என்று சொல்லவில்லையே? கேரளத்து மறையூர்ப் பக்கம் இந்த எண்ணெயை, அதாவது புல்தைலத்தை, வடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஐப்பசி மழையில் அறுத்த புல் கட்டு கனமாக இருக்கும், கனமெல்லாம் தண்ணீர்தான். வடித்தால் மேலே மிதக்கும் தைலம் பெயருக்கு ஒரு படலம். அதனால் அறுத்ததை ஒரு நாள் வாடவிட்டுத்தான் வடிகலத்தில் அடைப்பார்கள். நல்ல வெயில் காலத்திலேயே 100 கிலோ பச்சைப்புல்லுக்கு அரைக் கிலோ தைலம் கிடைத்தால் பெரிய விஷயம்.

அளவு மட்டுமல்ல, சேர்மானமும் மாறும். மணத்துக்கும் கிருமியை அடக்குவதற்கும் முக்கியக் காரணம் தைலத்தில் உள்ள சிட்ரால் என்ற வேதிப்பொருள். ஜெரானியல், நெரால் என்ற இரண்டு சேர்மங்கள் சேர்ந்தது அது. நல்ல தைலத்தில் 75 சதவீதம் வரை, அதற்கு மேலும் இருக்கும். மழை, வெயில், இலையின் வயது எல்லாம் அதை ஏற்றி இறக்கும். கிருமிகளும் ஒரே மாதிரி இல்லை: ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சுலபமாக அடங்கும். செல்லைச் சுற்றிக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உள்ள சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா லேசில் மசியாது. அப்புறம், வெளிச்சம் படும் நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்த தைலத்தில் சிட்ரால் சிதைந்துபோகும். சோதித்த தைலத்தின் சிட்ரால் அளவையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.