கசந்து போனவர்களிடம் ‘மறந்துடு’ என்று சொல்லாதீர்கள்

குடும்பத்தில் ஒருவர் பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொன்னால் நமக்குச் சலித்துவிடுகிறது. “எத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா அதையே பேசிக்கிட்டிருக்கீங்க?” என்கிறோம். இந்தக் கேள்விதான் அவர்களை மேலும் கசக்க வைக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

என் அத்தையை வைத்தே சொல்கிறேன். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன்மார் கூப்பிட்டதும் பத்திர ஆபீசுக்குப் போய், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறந்த வீட்டுச் சீர் கடைசிவரை வரும் என்று பேச்சு. சில வருடம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அந்தச் சட்டத்தின் 2005 திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே சம உரிமை தந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி கைமாறிய சொத்தை அது தொடாது. ஆக, அத்தைக்கு அந்தக் கதவும் இல்லை. அந்த அண்ணன்மாரில் ஒருவர் என் அப்பா.

மைக்கேல் லிண்டன் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இப்படிப்பட்டவர்களைக் கூர்ந்து கவனித்தவர். 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, வேலையும் மதிப்பும் போய், உழைத்த உழைப்பெல்லாம் வீண் என்று ஆகிப்போனவர்கள் அவரிடம் வந்தார்கள். இந்த நிலையைத் தனிக் கோளாறாகவே பார்க்க வேண்டும் என்று 2003இல் முன்வைத்தார். அநியாயம் நடந்துவிட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் கசப்பு பிறக்கிறது. பேச்சு வேறு பக்கம் போனால் அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தால் நேற்று நடந்ததுபோல் கொதிப்பார்கள். வெறும் துக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அவர் வகுத்த சிகிச்சையில் தீர்க்க முடியாத ஒரு கற்பனைச் சிக்கலைக் கொடுத்து, அதில் வரும் ஒவ்வொருவராகவும் நின்று பார்க்கச் சொல்வார்கள், தீங்கு செய்தவராகவும்கூட. நல்ல வழிதான். ஆனால் வீட்டில் நாம் செய்வது இதன் கோணலான வடிவம். எடுத்த எடுப்பிலேயே “அண்ணன் நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க” என்று ஆரம்பித்துவிடுகிறோம். பாதிக்கப்பட்டவர் காதில் அது அண்ணனுக்கான வக்காலத்தாகத்தான் விழும்.

ஒருநாள் அத்தையிடம், “உங்களுக்கு நடந்தது அநியாயம்தான் அத்தை, எங்க வீட்டுல செஞ்சது தப்பு” என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “உங்கப்பனுக்கும் அப்ப கழுத்தை நெரிக்கிற கடன்டா” என்றார். அதுவரை அந்தக் கடனைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவர் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. தப்பு என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும், அதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னும் கையெழுத்துப் போடாத பெண்கள் தயவுசெய்து போடுவதற்கு முன் கேளுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். கசப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போயிருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.