காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள்
“காற்று அடங்கிவிட்டால் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று பொருள், வெளியே வரலாம்” என்று இந்தப் புயல் பாதுகாப்புக் கட்டுரையில் இருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள், இதை நம்பி யாராவது வெளியே போனால் உயிருக்கே ஆபத்து. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த ராத்திரி, வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் ஊரில் வடக்கே இருந்து அடித்த காற்றில் கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்துகொண்டிருந்தன, அப்புறம் திடீரென்று ஒரு இலைகூட அசையாத அமைதி. அப்பா மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார், அப்பாயி வாசலை மறித்துக்கொண்டு “1952 வருஷத்துப் புயலும் இப்படித்தான் நின்னுட்டு வந்துச்சு, போகாதே” என்று விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து திரும்ப அடித்தது பாருங்கள், அதில்தான் கொட்டகையும் அதை ஒட்டி நின்ற மூன்று தென்னையும் சாய்ந்தன. நம் பக்கம் புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், அதன் நடுவில் இருக்கும் கண் நம் தலைக்கு மேலே கடக்கும்போது காற்று ஓயும், கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து வரும், முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரம் இரண்டாவதில் விழுந்துவிடும். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் “அலட்சியத்தால்தான் வெளியே போகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார், அப்படி இல்லைங்க, கட்டிப்போட்ட மாடு கத்தும்போது யாருக்கும் உள்ளே உட்கார மனசு வராது. அதனால் மாட்டை முந்தின நாள் சாயங்காலமே அவிழ்த்துவிடுங்கள், புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் அறிவிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள், பேட்டரி ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும், செல்போன் கோபுரத்தை நம்ப முடியாது.