தொட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்காது

பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் நாட்களில், தோப்புகளில் மைனாக் குஞ்சுகள் கீழே விழுவது வழக்கம். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றும்: ‘குஞ்சைத் தொட்டால் மனித வாடை பட்டுவிடும், தாய் சேர்க்காது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பால் ஊட்டுங்கள்.’ இது தவறு.

மைனா போன்ற பறவைகள் குஞ்சை வாடை வைத்து ஒதுக்குவதில்லை. குரலும் திறந்த வாயும்தான் அவற்றை இரை கொண்டுவரத் தூண்டுகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் பெற்றோர் மட்டுமல்ல, மற்ற பறவைகளும் சேர்ந்தே குஞ்சுக்கு ஊட்டும்.

முதலில் குஞ்சை நன்றாகப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, வாயோரம் மஞ்சளாக இருந்து, தத்தித் தாவுகிறதா? அது பறக்கப் பழகுகிறது. பெற்றோர் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, தள்ளி நின்றால் போதும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். அடிபட்டிருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

பால் வேண்டவே வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நல்ல மனதோடு சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) தூக்கி வந்த குஞ்சுகள் பல இப்படித்தான் செத்துப்போகின்றன. அப்புறம், நம் நாட்டு மைனாவையும் கிளியையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.