பத்து வெள்ளிக்கு எத்தனை வைரம் என்பதை எங்களிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் போகும் சாலைப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கைப்பேசிக் கடை. பதினோரு வருடமாக நடத்துகிறேன். உடைந்த திரை மாற்றுவது, சிம் கார்டு, சார்ஜர், அப்புறம் டாப் அப். சனிக்கிழமை காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது கேம் டாப் அப், அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கிற 'வைரம்' என்ற நாணயத்தை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்குவது. "அண்ணே, பத்து வெள்ளிக்கு வைரம்" என்று நோட்டை நீட்டுவார்கள். வைரத்தை ஆட்டத்தில் ஏற்றுவதற்கான பின் (PIN) எண்ணை நான் அச்சடித்துக் கொடுப்பேன். கடை வாசலிலேயே நின்று சுரண்டிப் பார்க்கிற அவசரத்தோடு எண்ணைத் தட்டுவார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டாம் படிவம் படிக்கிற ஒரு பையன் வந்தான். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா பள்ளிக் கேன்டீனில் வேலை. மூன்று மாதமாக வாராவாரம் பத்து வெள்ளி கொண்டு வருவான். ஒரு ஸ்கின்னுக்காக, அதாவது ஆட்டத்தில் தோற்றத்தை மாற்றுகிற ஓர் அலங்காரத்துக்காக. அந்த ஆட்டத்தில் வைரம் கொடுத்து அதிர்ஷ்டச் சக்கரத்தை நூறு முறை சுழற்றினால் அந்த ஸ்கின் கட்டாயம் கிடைக்கும் என்று ஒரு கணக்கு இருந்தது. பையன்கள் இதைப் 'பிட்டி' என்பார்கள். இவன் எழுபத்திரண்டு வரை வந்திருந்தான். அன்று போனைக் காட்டினான். கணக்கு பூஜ்யத்தில் நின்றது. நூறு என்றிருந்த இடத்தில் நூற்றிருபது.

"அண்ணே, நீங்க போன வாரம் கொடுத்த பின் சரியானதுதானா?" என்று கேட்டான். குரலில் மரியாதை இருந்தது. சந்தேகமும் இருந்தது.

மறுநாள் அவன் அம்மா வந்தார். "தம்பி, பிள்ளை பொய் சொல்றானா, இல்ல நீங்க ஏமாத்திட்டீங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

நான் அவன் போனை வாங்கி, ஆட்டத்துக்குள் வந்திருந்த கடிதங்களையெல்லாம் தேடினேன். விளம்பரம் விளம்பரமாகத் தள்ளிக்கொண்டே போனால் அடியில் ஒன்று கிடந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. இன்னும் நல்ல அனுபவம் தருவதற்காக வெகுமதி முறையைச் சீரமைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. எண் மாறியது என்று இல்லை. சேர்த்து வைத்தது போய்விடும் என்று இல்லை. அதைத் தமிழில் அந்த அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "இதுல எங்கே சொல்லியிருக்கு?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலை ஏற்றுவதை நான் எதிர்க்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசமாக ஆடவிட்டு, உள்ளே பொருள் விற்றுத்தான் இந்த நிறுவனங்கள் வாழ்கின்றன. சர்வர் செலவு, ஆள் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வரியும் ஏறுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. இப்படி ஒரு காரணத்தைச் சொல்லி விலை ஏற்றினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் மாற்றுவதும், சொன்ன மாதிரி காட்டி மறைப்பதும்தான் என்னால் பொறுக்க முடியாதது.

இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். என் பாட்டி பால்மரம் சீவியவர். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, பேர் கொடுத்து, தன் மர வரிசையான நிரைக்குப் போய், மதியத்துக்குள் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே பாலை நிறுப்பார்கள். ஆனால் எடை மட்டும் பார்த்தால் போதாது. மழையிலும் மரத்தின் வயதிலும் பால் நீர்த்துப்போகும், அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்று ஒரு கருவி, பாலுக்குள் மிதக்கவிட்டு அளவு பார்ப்பார்கள். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கூலி. அந்தக் கோட்டைப் படிப்பவர் தோட்டத்துக் கணக்கரான கிராணி, எழுதிக்கொள்பவரும் கிராணி. பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்த நிரையில் பால் கெட்டி, எந்த நிரையில் தண்ணி என்று கைக்குத் தெரியும். ஒரு மாதம் கூலி குறைந்து வந்தபோது அவர் கேட்டது காசை அல்ல என்று அம்மா சொல்வார். "எந்தக் கோட்டுல நின்னுச்சுன்னு எனக்குக் காட்டுங்க" என்றாராம்.

தோட்டத்தில் கூலிக் கணக்கை மாற்றுவதென்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் தரப்பில் மாப்பா என்ற அவர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தங்களில் எங்கள் சனங்களுக்கு எத்தனையோ குறை இருந்தது, இன்றும் பேசித் தீரவில்லை. ஆனாலும் ஒரு தாள் இருந்தது, தேதி இருந்தது, பெரட்டில் நின்று வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

கேமில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. பெட்டி திறக்கிறாய், சக்கரம் சுழற்றுகிறாய், எது எத்தனை விழுக்காட்டில் விழும் என்பது சர்வரில் இருக்கிறது. காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு என்று மாற்றினாலும் ஆடுகிறவனுக்குத் தெரியாது. வீணாகச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இது நடந்திருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு மேப்பிள் ஸ்டோரி நினைவிருக்கும். சைபர் கபேயில் மணிக்கணக்கில் உட்கார்ந்து காளானை அடித்துக்கொண்டிருப்போமே, அதே ஆட்டம். கொரியாவில் அதை நடத்தும் நெக்சன் நிறுவனம் 2010-இல் 'கியூப்' என்ற பொருளைக் காசுக்கு விற்கத் தொடங்கியது. நம் ஆயுதத்துக்கு என்ன கூடுதல் சக்தி கிடைக்கும் என்பதைக் கியூப் குலுக்கிப் போடும். தொடக்கத்தில் எல்லாச் சக்திகளும் சமமாக விழுந்தன. அதே ஆண்டிலேயே, எல்லாரும் விரும்புகிற சக்திகள் குறைவாக விழும்படி மாற்றினார்கள். யாருக்கும் சொல்லவில்லை. 2011-இலிருந்து சில சிறந்த சேர்க்கைகள் விழவே விழாது என்று ஆக்கினார்கள், அதாவது பூஜ்யம். அதையும் சொல்லவில்லை. சொல்லாதது போதாதென்று, கியூப் செயல்படும் விதத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்று அறிவிப்பும் போட்டார்கள். 2021 வரை, ஏறத்தாழ பத்து வருடம், கிடைக்கவே கிடைக்காத ஒன்றுக்கு மக்கள் காசு போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜனவரியில் கொரியாவின் நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வொன்னுக்கும் மேல் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல், காசுக்கு விற்கும் இப்படிப்பட்ட பொருள்களின் வாய்ப்பு விழுக்காட்டை வெளியிடுவது அங்கே சட்டக் கட்டாயம்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. எந்தக் கோட்டில் நிற்கிறது, காட்டு.

வாய்ப்பு விழுக்காட்டை வெளியிடுவதைச் சீனா 2017 மே மாதத்திலேயே கட்டாயமாக்கிவிட்டது. அதே ஆண்டு இறுதியில் ஆப்பிளும் தன் ஆப் கடைக்கு அந்த விதியைக் கொண்டுவந்தது. ஆனால் விழுக்காட்டை ஒரு மூலையில் எழுதி வைப்பதும், அது மாறும்போது ஆளிடம் சொல்வதும் வேறு வேறு. எங்கள் பையன் விஷயத்தில் புதிய எண் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்திருக்கலாம். அதைத் தேடிப் போக வேண்டியது பதினான்கு வயதுப் பிள்ளையின் வேலையா?

என் தங்கை மகன் கோலாலம்பூரில் ஒரு சிறிய கேம் நிறுவனத்தில் வேலை செய்கிறான். அவனிடம் இதைக் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டான். "மாமா, முன்கூட்டியே சொன்னா ரெண்டு நடக்கும். பாதிப் பேர் பழைய விலையில வாங்கிக் குவிச்சுருவாங்க, மீதிப் பேர் சண்டைக்கு வருவாங்க. அதுக்குப் பயந்துதான் சின்ன எழுத்துல போடுறாங்க" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. சண்டை வரும். ஆனால் சொல்லாமல் விட்டால் அதே சண்டை பிறகு வரும், அப்போது அது என் கடைக்கு வரும், அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வரும்.

ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தை நடத்துகிறது. 2011-இல் அவர்கள் உள்கடையில் அலங்காரப் பொருள்களை விற்க ஆரம்பித்தார்கள். ஓர் ஒற்றைக்கண் கண்ணாடியின் விலை 60 டாலருக்கு மேல். அத்தோடு நிறுவனத்துக்குள் சுற்றிய இதழ் ஒன்று வெளியே கசிந்தது. அதன் தலைப்பே பேராசை நல்லதுதானா என்ற கேள்வி. பிறகு தலைமை அதிகாரி ஊழியர்களுக்கு எழுதிய கடிதமும் கசிந்தது. ஆடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்ற பொருளில் எழுதியிருந்தார். ஆட்டத்துக்குள் வணிக மையமாக இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே நின்றார்கள். பலர் சந்தாவை நிறுத்தினார்கள். அக்டோபரில் அதே அதிகாரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு நீண்ட கடிதம் எழுதினார். கண்ணாடியின் விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை புரியாது. நம்மைப் பற்றி உள்ளே இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களா என்பதுதான் அவர்களைச் சுட்டது.

வேறு வழியும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தில் புதிதாக எதையாவது சேர்ப்பதென்றால் ஆடுகிறவர்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். நூற்றுக்கு 75 பேர் சரி என்றால்தான் நடக்கும் என்று இருந்தது, 2022-இல் அதை 70 ஆக்கினார்கள். எல்லா நிறுவனமும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்கிற ஆட்டமும் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அதே பத்து வெள்ளி. அன்றைய கூலியில் அது எத்தனை பெரிய தொகை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போட்டார்கள். எதற்கு, எவ்வளவு, கடைசியில் என்ன கிடைக்கும் என்று அவர்கள் மொழியில், அவர்கள் முன்னால் நின்று சொன்னதால் போட்டார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள்.

"பிள்ளை கையில் காசு கொடுக்கிற பெற்றோரைக் கேளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பெற்றோருக்கும் பொறுப்பு இருக்கிறது, என் கடையிலேயே அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் வெள்ளியை வைரமாக்கி, வைரத்தைச் சீட்டாக்கி, சீட்டைப் புள்ளியாக்கி வைத்தால் எந்த அம்மா கணக்குப் போடுவார்? 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் ஜென்ஷின் இம்பேக்ட் ஆட்டத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் இந்த அடுக்கடுக்கான நாணயக் குழப்பமும் ஒன்று. 2 கோடி டாலர் கட்டவும், பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி விற்பதில்லை என்றும் நிறுவனம் ஒத்துக்கொண்டது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் வாழும் வீட்டிலிருந்து மூன்று மாதத்தில் நூற்று இருபது வெள்ளி போயிருக்கிறது என்பதை, நான் ரசீதுகளைக் கூட்டிச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா அறிந்தார்.

நான் கேட்பது இவ்வளவுதான். மாற்றப் போகிறீர்களா, ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், வெள்ளியில் போடுங்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் போடுங்கள். இந்த நாட்டில் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டின் மொழிகளில் நான்கு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை. 'சீரமைப்பு' என்று சொல்லாதீர்கள், குறைத்தால் குறைத்தோம் என்று சொல்லுங்கள். அப்புறம், ஏற்கெனவே காசு போட்டவனின் கணக்கைத் தொடாதீர்கள். எழுபத்திரண்டு வரை வந்தவன் பழைய நூறிலேயே முடிக்கட்டும், புதிய விதி அடுத்த சுற்றிலிருந்து வரட்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு தாள் அனுப்புங்கள். உங்கள் முகத்தைப் பிள்ளைகள் பார்த்ததில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பையனுக்காக நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். தானாக அனுப்பப்படும் பதில் இரண்டு வந்தது. மூன்றாவது முறையும் எழுதியிருக்கிறேன், ரசீதுகளோடு.

இப்போது கடைக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த ஆட்டத்தில் என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, பத்து வெள்ளிக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று தமிழிலும் மலாயிலும் கையால் எழுதுகிறேன். அந்தப் பையன்தான் ஆட்டத்துக்குள் வரும் அறிவிப்புகளைப் பார்த்து எனக்குச் சொல்கிறான். என் ஆங்கிலத்துக்குச் சில அறிவிப்புகள் பிடிபடுவதில்லை. இந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் யாராவது சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் வந்து மொழிபெயர்த்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும்.