தொடக்ககால ஸ்மார்ட்போன் பாம்டாப்பை ஒழித்ததா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்

"ஸ்மார்ட்போன் வந்தது, பிடிஏ போய்ச் சேர்ந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பிடிஏ என்பது பாம்டாப்தான், முகவரி, காலண்டர், குறிப்பு எல்லாம் வைத்துக்கொள்ளும் உள்ளங்கை அளவுக் கருவி. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏதோ ஒருநாள் காலையில் கடைக்குப் புதுப் போன் வந்தது, சாயங்காலமே எல்லாரும் பாம்டாப்பைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பது போலப் பேசுகிறார்கள். அந்த வருஷங்களில் ஒரு பையில் பாம்டாப், இன்னொரு பையில் போன் என்று இரண்டையும் சுமந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி நடக்கவில்லை. தொடக்ககால ஸ்மார்ட்போனால் பாம்டாப் செய்த வேலையைச் செய்ய முடியவில்லை.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் இது புரியும். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைக்குக் கொள்முதல். மே மாதம் தொடங்கினால் ஜூலை வரை தூக்கம் கிடையாது. போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர், வேப்பனப்பள்ளி என்று தோப்புத் தோப்பாகப் போக வேண்டும், யாரிடம் எத்தனை டன் பெங்களூரா ரக மாங்காய் இருக்கிறது, எப்போது பறிக்கிறார்கள், அட்வான்ஸ் எவ்வளவு போயிருக்கிறது, போன லோடில் அழுகல் கழித்தது எவ்வளவு, எல்லாம் கைவசம் இருக்க வேண்டும். காலையில் பேசிய விலை சாயங்காலம் நிற்காது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம்கூட ஆகவில்லை, 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரித்தார்கள். பல தோப்புகளில் செல்போன் டவரே கிடையாது, அஞ்செட்டிப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் இருந்தது பாம் நிறுவனத்தின் எம்100 என்ற பாம்டாப். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. 2 எம்பி நினைவகம், 160-க்கு 160 புள்ளி உள்ள சாம்பல் நிறத் திரை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தச் சாம்பல் திரை உச்சி வெயிலில் தோப்புக்கு நடுவே நின்றாலும் பளிச்சென்று தெரியும். கீழே நாலு பொத்தான். கருவி அணைந்து கிடந்தாலும் முகவரிப் பொத்தானை அழுத்தினால் நேரே முகவரிப் பட்டியலே திறக்கும், பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கிறுக்கினால் ஆள் வந்து நிற்பார், அவர் பெயருக்குக் கீழே குறிப்பில் மொத்தக் கணக்கும் இருக்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் கையால் வரையும் ஏடு. ரோட்டிலிருந்து தோப்புக்குப் போகும் வழியை அதில்தான் வரைந்து வைப்பேன். மாரியம்மன் கோயில் ஒரு சதுரம், தரைப்பாலம் இரண்டு கோடு, அங்கிருந்து இடது பக்கம் ஓர் அம்பு. லாரி டிரைவரிடம் அப்படியே காட்டினால் போதும், மறுபேச்சே இல்லை.

எழுதும் முறைக்குக் கிராஃபிட்டி என்று பெயர், குச்சியால் கருவியின் மேல் எழுதுவது. ஒரு எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே இழுப்புதான். ஆங்கில ஏ என்றால் தலைகீழ் வி மட்டும், குறுக்குக் கோடு வேண்டாம். குச்சியைத் தூக்கினால் எழுத்து முடிந்தது என்று கருவி எடுத்துக்கொள்ளும். பழகிவிட்டால் எழுதும் இடத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், விவசாயி முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே கை எழுதும். கொள்முதலில் இது பெரிய விஷயம். பேசும்போது குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தால் எதிரில் நிற்பவருக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும். ஒரு குறை உண்டு, தமிழில் எழுத வழியில்லை, ஊர்ப் பெயர் ஆள் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். அது எனக்குக் கடைசி வரை வருத்தம்.

இதற்கு நடுவில்தான் நோக்கியா 6600 வந்தது, 2003-ல். அழகான போன், நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். காலண்டர் இருந்தது, குறிப்பு இருந்தது, செய்ய வேண்டிய வேலைப் பட்டியலும் இருந்தது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பாம்டாப்பில் இருப்பதெல்லாம் இதிலும் உண்டு. அதை வைத்துத்தான் இன்றைக்கும் வாதம் செய்கிறார்கள். சரி, பர்கூர் என்று அதில் ஒரு தடவை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பி-க்கு இரண்டு முறை, அதே பொத்தானில் ஏ வருவதால் கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஒன்று, ஆர்-க்கு மூன்று, ஜி-க்கு ஒன்று, யு-வுக்கு இரண்டு, மறுபடி ஆர்-க்கு மூன்று. ஆறு எழுத்துக்குப் பன்னிரண்டு அழுத்தல். அகராதியை வைத்துத் தானே சொல்லை ஊகிக்கும் வசதி இருந்தது, ஆனால் வேப்பனப்பள்ளியும் சந்தூரும் அந்த அகராதிக்கு எங்கே தெரியும்? குறிப்பு எழுத வசதி இருப்பதும், தோப்பில் நின்றுகொண்டு குறிப்பு எழுத முடிவதும் ஒன்றல்ல. இரண்டு நாளில் சலித்துப்போய் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுவோம். அப்புறம் அந்த வசதி இருந்து என்ன பயன்?

இன்னொரு சங்கடத்தை யாருமே பேசுவதில்லை. போன் எப்போது வரும்? கணக்கு கேட்கத்தான் வரும். "அண்ணா, போன வாரம் ஏத்தின லோடுக்கு எவ்ளோ நிக்குது?" என்று விவசாயி கேட்பார். கணக்கு இருப்பதோ காதில் வைத்திருக்கும் அதே போனுக்குள். எடுத்துப் பார்த்தால் அவர் பேசுவது கேட்காது, கேட்டால் பார்க்க முடியாது. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு பார்க்கலாம்தான், பைக்கில் போகும் வழியில் நிறுத்தி அந்த ஒயரைத் தேடி எடுப்பதற்குள் அவரே வைத்துவிடுவார். பாம்டாப் தனியாகக் கையில் இருந்ததால் பேசிக்கொண்டே பார்த்து, பார்த்துக்கொண்டே எழுதினேன். இரண்டு கருவி இருந்தது அங்கே இடைஞ்சலே இல்லை, அதுதான் வசதி.

பேட்டரியும் அப்படித்தான். எம்100-க்கு இரண்டு சின்ன பென்சில் பேட்டரி, வாரக்கணக்கில் ஓடும், தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது மட்டும் தாமதிக்கக் கூடாது, மின்சாரம் முழுசாக நின்றுவிட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். ஆனால் ஹாட்சிங்க் செய்து, அதாவது கேபிளில் இணைத்து அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். போனில் பேட்டரி தீர்ந்தாலும் குறிப்பு அழியாது, அந்த நல்லதை நான் மறைக்கவில்லை. என் போனை ஒரு தடவை சர்வீசுக்குக் கொடுத்தேன், கடை பெயர் வேண்டாம், ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்து கையில் கொடுத்தார்கள், ஒரு சீசன் குறிப்பு போச்சு. போனில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கடைக்காரருக்கே தோன்றவில்லை. பாம்டாப்பிலோ அந்தப் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள்.

இரண்டையும் ஒன்றாக்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1994-லேயே ஐபிஎம் சைமன் என்று தொடுதிரை போன் விற்றார்கள், சுமார் அரை கிலோ எடை. 1996-ல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர், பெட்டி மாதிரி திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை, 397 கிராம். சட்டைப்பையில் போட்டால் பை கிழிந்துவிடும்.

நம் பக்கத்திலேயே, பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் சில பொறியாளர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒரு கையடக்கக் கணினியைச் செய்தார்கள். கிராமத்தில் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வைத்துப் பயன்படுத்தலாம் என்ற நோக்கம். நல்ல நோக்கம். 2004-ல் கடைக்கு வந்தபோது சுமார் 10 ஆயிரம் ரூபாய், வாங்க ஆள் இல்லை. அது நிலைத்திருந்தால் நம் விவசாயிகள் கையில் அவர்கள் மொழியிலேயே கணக்கு இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாம்டாப் செய்த வேலையை முதன்முதலில் உருப்படியாகச் செய்த போன் என்றால் என் கணக்கில் ட்ரியோ 600-தான். அதுவும் 2003. ஓசூரில் ரோஜா ஏற்றுமதி செய்யும் நண்பர் வைத்திருந்தார், வாங்கிப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்தது. அதைச் செய்தது யார்? பாம் நிறுவனத்தின் முந்தைய பாம்டாப்பான பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ்தான். பைலட்டுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குறிப்பு எடுப்பது போல நடித்துப் பார்த்து அளவை முடிவு செய்தவர். பாமை விட்டு வெளியே வந்து 1998-ல் ஹேண்ட்ஸ்பிரிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பாம்டாப்புக்குள் போனைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் போனுக்குள் ஒரு காலண்டரைச் செருகினார்கள். குறிப்பு எடுப்பவனின் கஷ்டம் தெரிந்தவர் செய்த கருவிக்கும், பேசுவதற்கென்று செய்து மிச்ச இடத்தில் டைரியை ஒட்டியதற்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்த உடனே தெரியும்.

ஐபோனைச் சொல்வார்கள். 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது அதில் ஒரு வரியை நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டக்கூட முடியாது, 2009-ல்தான் அது வந்தது. செய்ய வேண்டிய வேலைப் பட்டியலுக்கென்று ஆப்பிளின் சொந்தச் செயலி 2011-ல்தான் வந்தது. என் 2 எம்பி சாம்பல் திரைக் கருவியில் இந்த இரண்டும் முதல் நாளிலிருந்தே இருந்தன! பாட்டு, இணையம், படம் எல்லாம் ஐபோனில் பிரமாதம், யார் இல்லை என்றது. ஆனால் கேள்வி அதுவல்லவே.

நான் பாம்டாப்பைக் கீழே வைத்தது நோக்கியா இ71 வாங்கியபோதுதான். முழு விசைப்பலகை, ஒரு கையால் தட்டலாம், பேட்டரி ஒரு முழு நாளைத் தாண்டியும் நிற்கும். நம் ஊரில் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அப்போதும்கூட வழி வரைவதற்கு அதில் ஒன்றும் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கம்தான் வரைந்து கொடுத்தேன்.

யார் வீட்டுப் பீரோவிலாவது பழைய பாம் கிடந்தால் முதலில் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்தால் முனை அரித்துவிடும். புது பேட்டரி போட்டு திரை வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஹாட்சிங்க் கேபிள் என்னிடம் இருக்கிறது, எம்100 என்றால் அப்படியே பொருந்தும்.