சிடிசி ஒரிஜினலை ஏஜெண்ட் கையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். சிடிசி என்பது எந்தக் கப்பலில் எப்போது வேலை பார்த்தோம் என்று பதிவாகும் நம் பணிப் புத்தகம். "கப்பல்ல ஏற ஜாயினிங் வரட்டும், அதுவரை சிடிசி எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ஏஜெண்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் காப்பி கொடுங்கள். விசாவுக்கோ வேறு வேலைக்கோ ஒரிஜினல் நிஜமாகவே வேண்டுமென்றால், தேதி போட்டுக் கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் கொடுத்தான். மாசக்கணக்கில் கப்பல் வரவில்லை, வேறு கம்பெனி கூப்பிட்டபோது புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால், "உனக்காகச் செலவு பண்ணியிருக்கோம், கட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வேலைவாய்ப்புக்காகக் கடலோடியிடம் காசு வாங்கவே கூடாது என்கிறது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. மெடிக்கல் சான்றிதழ், சிடிசி, பாஸ்போர்ட் எடுக்கும் செலவு மட்டும்தான் நம்முடையது. இந்தியா 2015-லேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 185-வது உடன்படிக்கை இன்னும் தெளிவு: கடலோடியின் அடையாள அட்டை அவர் கையில்தான் இருக்க வேண்டும், பத்திரமாக வைக்கக் கேப்டன் வாங்குவதென்றாலும் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். கேப்டனுக்கே அப்படியென்றால், கரையில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்கு நம் புத்தகத்தைப் பிடித்துவைக்க என்ன உரிமை?

முன்பு பிரிட்டிஷ் டிஸ்சார்ஜ் புத்தகங்களில் திறமைக்கும் நடத்தைக்கும் கேப்டன் முத்திரை குத்துவார். 'வெரி குட்' இல்லாமல் 'கருத்துச் சொல்ல மறுக்கிறேன்' என்று விழுந்துவிட்டால் அடுத்த கப்பல் கிடைப்பதே கஷ்டம். இன்று பணிப்பதிவில் வேலைத் தரமும் வரக்கூடாது, சம்பளமும் வரக்கூடாது. அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வந்த நாம் இப்போது ஏஜெண்டிடம் மாட்டிக்கொள்வதா?

அப்புறம், சைன் ஆஃப் அன்று, அதாவது வேலை முடிந்து கப்பலை விட்டு வரும் நாளில், கேங்வே படியில் இறங்குவதற்கு முன்னால் சிடிசியில் அந்தக் கப்பலுக்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள். கப்பல் பெயர், ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்), ரேங்க், ஏறிய தேதி, இறங்கிய தேதி, துறைமுகம், கேப்டன் கையெழுத்து, சீல். கீழே வண்டி ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, நிற்கட்டும். ஒரு சீல் விடுபட்டால் பரீட்சைக்குப் போகும்போது அந்த சீ டைமை (கடலில் வேலை பார்த்த காலத்தை) கணக்கில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கப்பலுக்கு ஆள் எடுக்க ஏஜெண்டுக்கு வேண்டிய ஆர்பிஎஸ்எல் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று, கப்பல் துறையைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிஜி ஷிப்பிங் இணையதளத்திலேயே பார்க்கலாம், பணம் காசு பேசுவதற்கு முன்பே பாருங்கள். ஏற்கெனவே புத்தகம் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், டிஜி ஷிப்பிங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.