கருத்த விரலிலும் சரியாக அளக்க வேண்டும்

கொரோனா காலத்தில் பலருக்கும் பழகிப்போன கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலில் மாட்டினால் ஆக்சிஜன் அளவு தெரியும். அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவமனைக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று முடிவெடுத்தோம். ஆனால் அந்த எண் எல்லாத் தோலுக்கும் ஒரே மாதிரி சரியாக இருப்பதில்லை. இதைப் போதுமான அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கருவி என்னவோ அருமையானதுதான். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி, சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அதை நீக்கப் போராடியபோதுதான், துடிப்பது தமனி ரத்தம் மட்டுமே, அதை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாம் என்று அவருக்குப் பிடிபட்டது. 1974இல் அதை வெளியிட்டார். தொல்லையாக இருந்ததையே அளவுகோலாக்கிய அந்த யோசனையை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

சரி, சிக்கல் எங்கே? சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதம்தான் கருவிக்குக் கிடைக்கிறது. அந்த விகிதத்துக்கு எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்பதை, ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே பதிந்துவைக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் கருத்த தோல்காரர்கள் குறைவாக இருந்தால்? தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் அல்லவா?

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கருப்பினத்தவரில் 11.7 சதவீதம். இந்த வித்தியாசம் 1990லேயே ஆய்விதழில் வந்த விஷயம்! முப்பது வருடம் அப்படியே கிடந்தது. மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதலோ, பத்துப் பேரைச் சோதித்தால் அதில் இரண்டு பேர் கருத்த தோல்காரர்களாக இருந்தால் போதும் என்றது. 2025 வரைவில்தான் 150 பேர் என்று உயர்த்தினார்கள்.

புதுக் கருவி கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் கைதட்டலும் பணமும் இருக்கிற கருவியைச் சரிசெய்யும் ஆய்வுக்கும் கிடைக்க வேண்டும். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சென்சாரை யார் யார் உடம்பில் சோதித்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், படிக்கிற எல்லோருக்கும்: மூச்சுத் திணறுகிறது, ஆனால் கருவி 95 காட்டுகிறது என்றால் மூச்சை நம்புங்கள், மருத்துவரிடம் போங்கள்.